‘எல்லாம் அவன் செயல்’ - யாரிடம் சொல்வது?

நம் மக்கள் ஆலயத்தில் மிகுதியாக உச்சரிக்கும் மந்திரம் எது என்று கேட்டால், ஐந்தெழுத்து என்றோ ஆறெழுத்து என்றோ அன்பர்கள் விடை பகரக்கூடும். அர்ச்சனைச் சீட்டு வழங்கும் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் அடியேன் கூறும் விடை வேறு. ‘எல்லாம் அவன் செயல்’ என்பதே அது. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் அவன் செயல். கிடைக்காவிட்டாலும் அவன் செயல். அன்னதான உபயம் சிறப்பாக நடந்தேறினாலும் அவன் செயல். உபயகாரர் கடைசி நேரத்தில் கைவிரித்தாலும் அவன் செயல். (பின்னதற்கு ஆண்டவன் பொறுப்பல்ல என்பது அடியேனின் தாழ்மையான கருத்து.)

இச்சொல் பொய்யென்று அடியேன் கூற வரவில்லை. அவனன்றி ஓரணுவும் அசையாது என்னும் நம்பிக்கையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். இறைவன் வகுத்த வழியில் தன்னை ஒப்படைத்துவிடும் சரணாகதியே பக்தியின் உச்சம் என்பதிலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஒரே சொல் இருவர் வாயில் இருவேறு பொருள் கொள்கிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், காலம் கடந்து, கண்ணீர் வற்றி, ‘எல்லாம் அவன் செயல்’ என்பாளேயானால் அது பிரார்த்தனை. அதே சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் அவளிடம் மூன்றாம் நாளே கூறினால் அது என்ன? அடியேனுக்குத் தோன்றும் வரையில், அழுபவள் வாயைப் பொத்தும் செயலே அது. சரணாகதி என்பது அவரவர் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அடுத்தவர் துன்பத்தின் மீது நாம் எடுத்துச் சாத்தும் சொல்லன்று. இத்திருவிழா மலர் வழியாக அன்பர்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இவ்வளவே.

பங்குனி உத்திர வேளையில் இதனைப் பேசுவது பொருத்தமே. முருகப் பெருமானுக்குக் காவடி எடுக்கும் நாளாக இந்நாட்டில் நாம் இதனைக் கொண்டாடுகிறோம். திருவரங்கத்திலோ இதே நாளில் அரங்கநாதரும் தாயாரும் ஒருசேர வீற்றிருந்து சேர்த்தி சேவை அருள்கின்றனர். அந்தச் சேர்த்தியின் முன் நின்றுதான் இராமானுசர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தார் என்பது வைணவ மரபு. அவர் முதலில் யாரிடம் சரண் புகுந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமாளிடம் நேரே செல்லவில்லை, தாயாரிடம் சென்றார். நியாயம் வழங்கும் இடத்துக்குப் போகுமுன் இரக்கம் சுரக்கும் இடத்துக்குப் போனார் என்று சொற்பொழிவாளர்கள் விளக்குவர். அந்த விண்ணப்பம் முழுவதும் தம் குற்றம், தம் இயலாமை, தமக்கு வேண்டிய அருள் என்றே அமைந்தது.

அதன்பின் அவர் கைகட்டிச் சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. திருவரங்கக் கோயிலில் யார் யாருக்கு என்ன கைங்கரியம், எந்தப் பொறுப்பு எவரிடம் என்று நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியவர் அவரே என்று கோயிலொழுகு கூறுகிறது. ஆலய நிர்வாகத்தில் இருப்பவர்கள் இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்தல் நலம். ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்று கணக்குப் புத்தகத்தை எழுதாமல் விடுவதற்கும் சரணாகதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பின்வந்த வைணவப் பெரியோர்களிடையே இதுபற்றி ஒரு விவாதமும் எழுந்தது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது. அடியவன் இவற்றில் எதைப் போல் இருக்க வேண்டும் என்பதே கேள்வி. வடகலையார் ஒன்றைச் சொல்ல, தென்கலையார் மற்றொன்றைச் சொல்வர். தீர்ப்பளிக்கும் தகுதி அடியேனுக்கு இல்லை. ஆனால் ஒன்று: இரண்டு உவமைகளிலும் பேசப்படுவது குட்டியும் தாயும் மட்டுமே. ஓரமாய் நின்றுகொண்டு, ‘உன்னை உன் தாய் கீழே போட்டாலும் நன்மைக்கே’ என்று குட்டிக்கு உபதேசிக்கும் மூன்றாமவன் எவனும் அவ்வுவமைகளில் இல்லை.

நம் ஜொகூர் மாநிலத்து மக்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாளை நாம் மறக்க முடியுமா? நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த அன்று, நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடந்து சென்று வந்த எல்லை அடைபட்டது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். இக்கரையில் நின்றால் அக்கரை அடுக்குமாடி வீடுகளின் விளக்கொளி தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள், வேலையைக் காக்க அங்கேயே தங்கினர். பெற்றோர் இங்கே; பிள்ளைகள் அங்கே. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 முதல் வேலை அனுமதி உள்ளோருக்கென ஒரு வழி ஏற்பட்டது என்றாலும், சென்றவர் தொடர்ந்து மூன்று மாதங்களாவது அங்கே தங்கிய பிறகே வீட்டுக்கு வந்து போகலாம் என்பது விதி. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான். இடைப்பட்ட இரண்டாண்டுகளில் எத்தனை வீடுகளில் மகன் வராமல் தந்தையின் பூதவுடல் மின்சுடலைக்குச் சென்றது என்பதை ஆலயத்தில் மோட்ச அர்ச்சனைச் சீட்டு எழுதியவர்கள் அறிவர்.

அப்படியொரு மகனை அடியேன் அறிவேன். கொள்ளிக்குடம் ஏந்தியது அண்ணன் பிள்ளை. மகனோ அக்கரையில் தொழிலாளர் விடுதிக் கட்டிலில் அமர்ந்து கைத்தொலைபேசித் திரையில் தந்தையின் முகத்தைப் பார்த்தார். அழைத்தவர்கள் அனைவரும் ஆறுதல் என்று எண்ணி ஒன்றையே கூறினர். ‘கணக்கு முடிந்துவிட்டது தம்பி, எல்லாம் அவன் செயல்.’ எல்லை திறந்து ஊர் வந்த பிறகு அவர் ஒரு நாள் மனம் விட்டுப் பேசினார். அத்தனை பேர் அழைப்பிலும் அவர் மனத்தில் நின்றது ஒரேயொரு பெரியவரின் அழைப்பு. அந்தப் பெரியவர் விதியைப் பற்றிப் பேசவேயில்லை. அப்பாவுக்கு எந்த வேட்டி கட்டினோம், நெற்றியில் விபூதியை யார் இட்டது, வாய்க்கரிசி போட எத்தனை பேரை அனுமதித்தார்கள், போகும் வழியில் மழை தூறியது என்று கண்ணால் கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாராம். இறுதிச் சடங்கில் தாமும் நின்றதுபோல் இருந்தது என்றார் அந்த மகன்.

இந்நாளில் அவரே ‘எல்லாம் முருகன் செயல்’ என்று கூறுவதை அடியேன் கேட்டிருக்கிறேன். அவர் கூறலாம். அச்சொல் வந்து சேர அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயின. முதல் நாளே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நமக்கென்ன அவசரம்?

சைவ அன்பர்கள் திலகவதியார் வரலாற்றைச் சற்றே நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். திருநாவுக்கரசரின் தமக்கையார் என்று ஒரே வரியில் அவரைக் கடந்துவிடுகிறோம். சேக்கிழார் பெருமான் அவருக்கு நேர்ந்ததை வரிசையாகக் கூறுகிறார். திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் மகளைக் கலிப்பகையாருக்கு மணம் பேசுகின்றனர். பன்னிரண்டு வயதுப் பெண். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலால் போருக்குச் செல்கிறார். தந்தை நோயில் இறக்கிறார். தாயும் உயிர் விடுகிறார். பின்பு போர்க்களத்திலிருந்து செய்தி வருகிறது, கலிப்பகையாரும் மாண்டார் என்று. இவ்வளவும் ஒரு சிறுபெண்ணின் தலையில். உயிரை விடத் துணிகிறார் திலகவதியார்.

அப்பொழுது தம்பி மருள்நீக்கியார் என்ன செய்தார்? ‘அக்கா, இது இறைவன் திருவுள்ளம், தாங்கிக்கொள்’ என்றாரா? இல்லை. அவர் காலில் விழுந்து அழுதார். அன்னையும் தந்தையும் போன பின்பும் உங்களை வணங்கக் கிடைத்ததனால் அல்லவா நான் உயிரோடு இருக்கிறேன், என்னைத் தனியே விட்டுப் போவதானால் உங்களுக்கு முன்னே நான் உயிர் விடுவேன் என்ற கருத்தில் இறைஞ்சினார். அதைக் கேட்ட பிறகே திலகவதியார் தம்பிக்காக உயிர் தாங்கினார். சமய உபதேசம் எதுவும் அங்கே நிகழவில்லை. ‘நீ எனக்கு வேண்டும்’ என்று ஒரு பிள்ளை கூறியது. ஓர் உயிர் நின்றது. அந்தப் பிள்ளை அன்று வேறுவிதமாகப் பேசியிருந்தால் நமக்குத் திலகவதியாரும் இல்லை. தேவாரம் பாடிய அப்பரும் இல்லை.

இனி மறுபக்கம். தம்பி சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆனார். தமக்கையார் திருவதிகை வீரட்டானம் சென்று அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்து வந்தார். சூலை நோயால் துடித்த தம்பி ஒரு நாள் இரவோடிரவாக அவரைத் தேடி வந்து காலில் விழுகிறார். அப்பொழுது திலகவதியார் இது இறைவன் அருளே என்று கூறுகிறார். இதை எடுத்துக்காட்டி அன்பர்கள் அடியேனை மடக்கக்கூடும். ‘அவரே அடுத்தவர் நோயைத் திருவருள் என்றாரே!’ ஆம், கூறினார். ஆனால் கூறியவர் யார் என்று பாருங்கள். தாயையும் தந்தையையும் மணாளனாக வரவிருந்தவரையும் பறிகொடுத்தவர். தம்பிக்காகவே உயிரைச் சுமந்தவர். அவன் மீட்சிக்காக ஆண்டவனிடம் அழுது முறையிட்டவர். கூறியதோடு நில்லாமல் தம் கையால் திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றவர். அத்தகையவர் வாயிலிருந்து வரும்போது அச்சொல் மருந்தாகிறது. ‘நீ செய்த வினைதான் இது’ என்று அவர் குத்திக்காட்டவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. ரமண மகரிஷி பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்தவர். 1898ஆம் ஆண்டின் இறுதியில் தாய் அழகம்மாள் தேடி வந்து, வீடு திரும்புமாறு நாள் கணக்கில் அழுதார். மௌனத்தில் இருந்த மகன் ஒரு காகிதத்தில் பதில் எழுதினார். அவரவர் வினைப்படி ஆட்டுவிப்பவன் இருக்கிறான், நடவாதது நடவாது, நடப்பது நில்லாது என்பது அதன் சாரம். நம்மில் பலர் இத்துடன் கதையை நிறுத்திக்கொண்டு, இதையே சாவு வீடுகளில் மேற்கோளாக்கி விடுகிறோம்.

கதை அங்கே முடியவில்லை. 1914ஆம் ஆண்டில் தாய் கடுங்காய்ச்சலில் விழுந்தபோது அதே மகன், அன்னையின் நோய் தீர வேண்டும் என்று அருணாசலேசுவரரை வேண்டிப் பாடல்கள் பாடினார். 1922 மே 19ஆம் நாள் அவ்வம்மையாரின் இறுதி நாள். காலையிலிருந்து இரவு உயிர் பிரியும் வரை ரமணர் அருகிலேயே அமர்ந்து, ஒரு கையை அவர் தலையிலும் ஒரு கையை மார்பிலும் வைத்திருந்தார். விதியை எழுதிக் கொடுத்தவர்தான் வேண்டுதலும் செய்தார். கை வைத்தும் இருந்தார். எழுதிக் கொடுப்பது எளிது. நாள் முழுவதும் அருகிருப்பது கடினம். நாம் எதைப் பின்பற்றுகிறோம்?

தம் நோயில் அவர் நடந்துகொண்ட விதம் வேறோர் ஐயத்தையும் தீர்க்கிறது. 1949இல் அவருடைய இடக்கையில் புற்றுக்கட்டி தோன்றியது. அன்பர்கள் பதறினர், அவர் பதறவில்லை. அதற்காக மருத்துவரைத் துரத்தவும் இல்லை. நான்கு முறை அறுவைச் சிகிச்சைக்கு உடலைக் கொடுத்தார். கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மறையும் வரை, தம்மைக் காண வந்தவர்களுக்குத் தரிசனத்தை மறுக்கவில்லை. இனிப்பு நீர் வியாதிக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று காலில் புண்ணோடு பால்குடம் எடுக்க வரும் அன்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பக்தியை அடியேன் குறைத்து மதிப்பிடவில்லை. அருணாசலத்தையே சரணடைந்தவர் நான்கு முறை கத்திக்குக் கை நீட்டினார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். விரதம் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றிலெல்லாம் கொடுமையானது ஒன்று உண்டு. மனிதன் செய்ததை ஆண்டவன் தலையில் ஏற்றுவது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் நம் தோட்டங்களிலிருந்து ஆண்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். போனவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அறியாமல், தோட்டத்து மாரியம்மன் முன் விளக்கேற்றி வைத்த பெண்கள் எத்தனை பேர்! அது அம்மனின் திட்டமா? அதைத் திட்டமிட்டவர்கள் சீருடை அணிந்த மனிதர்கள். அதைத் ‘தலைவிதி’ என்று கூறி முடித்தால், செய்தவனை மன்னித்து அம்மன் மீது பழி போடுகிறோம் என்றே பொருள்.

போர்க்காலத்தோடு இது போகவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டத்துக்காக லயங்கள் இடிபட்டபோது, மூன்று தலைமுறையாக அங்கே பால்மரம் வெட்டியவர்களிடம் ‘எல்லாம் விதி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று பேசியவர்களும் நம்மவர்கள்தாம். நிலத்தை விற்பதும் இழப்பீட்டைக் குறைப்பதும் மனிதர் கையெழுத்திட்ட முடிவுகள். கையெழுத்திட்டவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கிடைக்காததை இறைவனிடம் ஒப்படைப்பது ஒன்று. கேட்காமலே ஒப்படைத்துவிடுவது வேறொன்று. கண்ணனைச் சரணடைந்த அர்ச்சுனனுக்குக் கிடைத்த கட்டளை, வில்லை எடு என்பதுதான்.

வேண்டுதல் நிறைவேறாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாண்டுகள் தொடர்ந்து காவடி எடுத்து, நினைத்தது நடவாமல், பிறகு ஆலயத்துப் பக்கமே வராதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்களைக் கண்டால் நாம், ‘உங்கள் வேண்டுதலில் ஏதோ குறை இருந்திருக்கும்’ என்கிறோம். அல்லது ‘இதைவிடப் பெரிதாக ஏதோ தரப் போகிறான்’ என்கிறோம். இரண்டுமே நமக்குத் தெரியாத செய்திகள். ஆண்டவனின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்போல் பேசும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்? அவர்களுடைய கோபமும் ஒருவகைப் பக்திதான் என்பது அடியேனின் எண்ணம். இல்லாதவனிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லையே! அவர்கள் வந்தால், ‘வாங்கக்கா, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்’ என்று அன்னதானப் பந்தியில் ஓர் இலை போடுவதே நாம் செய்யத் தகுந்தது.

எங்கள் ஆலயத்தில் இவ்வாண்டு திருவிழாவுக்கு முன் தொண்டூழியர்களைக் கூட்டிப் பேசினோம். வழக்கமான செய்திகளே பெரும்பாலும் பேசப்பட்டன. தண்ணீர்ப் பந்தலை யார் பார்ப்பது, வாகனங்களை எங்கே நிறுத்துவது, காலணி வைக்குமிடத்தில் ஏற்படும் நெரிசல். அவற்றோடு சீட்டு மேசையில் அமரும் இளையோரிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம். மோட்ச அர்ச்சனைக்கு வருபவர்களிடம் பெயரும் நட்சத்திரமும் கேட்டு எழுதிவிட்டு உடனே அடுத்தவரை அழைக்க வேண்டாம். இறந்தவர் உங்களுக்கு யார் என்று கேளுங்கள். அவர்கள் பேச விரும்பினால் கேட்டுக்கொண்டிருங்கள். பதில் எதுவும் கூற வேண்டியதில்லை. வரிசை நீண்டுவிடுமே என்று ஒரு தம்பி கேட்டார். நீளட்டும், கூடுதலாக ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறோம்.